பழைய ஹோண்டா எக்ஸ்ஆர்250 முன் பிரேக்: 270 டிஸ்க்குக்கு பிராக்கெட் அடிப்பது

கேள்வி, ஜனவரி 12

மோட்டார் 90களில் வந்த எக்ஸ்ஆர்250. முன் டிஸ்க் அளந்தால் 240 மி.மீ. சமதரையில் பரவாயில்லை, செம்பனைத் தோட்டத்து இறக்கத்தில் நாலு விரல் போட்டு இழுத்தாலும் நிற்கமாட்டேன் என்கிறது. 270 டிஸ்க் ஒன்று கிடைத்திருக்கிறது, வீல் ஹப்பில் போல்ட் ஓட்டை எல்லாம் சேர்கிறது. 12 மி.மீ. அலுமினியத் தகட்டில் நாலு ஓட்டை போட்டு, காலிப்பரை (பேட்டை அழுத்தி டிஸ்க்கைக் கவ்வும் பகுதி) 30 மி.மீ. வெளியே தள்ளி மாட்டினால் போதும்தானே அண்ணே? பினாங்கு, பிறை ஊரில் ஒரு லேத்துக் கடையில் அரை நாளில் முடித்துத் தருகிறேன் என்கிறார்கள்.

ஜனவரி 12, இரவு

கடைக்காரரை நிறுத்தச் சொல். 30 இல்லை, 15.

டிஸ்க்கின் விட்டம்தான் 30 கூடுகிறது. அச்சிலிருந்து விளிம்பு வரைக்கும் 15 மட்டும்தான். 30 தள்ளினால் பேட்டில் (டிஸ்க்கை உரசும் பிரேக் கட்டை) பாதி டிஸ்க்குக்கு வெளியே அந்தரத்தில் நிற்கும். தேய்ந்த பகுதிக்கும் தேயாத பகுதிக்கும் நடுவே படி விழுந்து, இரண்டு பேட்டும் விளிம்புக்கு மேலே ஒன்றோடொன்று முட்டும். அப்புறம் என்ன இழுத்தாலும் டிஸ்க்கைப் பிடிக்காது.

ஜனவரி 13, காலை

15 எந்தத் திசையில் என்பதை நேற்று சொல்லாமல் விட்டேன். அதுதான் முக்கியம்.

ஃபோர்க் காலோடு (முன் வீலைத் தாங்கும் குழாய்) மேலே 15 தூக்குவது இல்லை. வீல் அச்சின் மையத்திலிருந்து பேட்டின் மையத்துக்கு ஒரு கோடு இழு. அந்தக் கோட்டின் மேலேயே 15. உன் காலிப்பர் ஃபோர்க்குக்குப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கோட்டுக்கும் ஃபோர்க்குக்கும் 50 டிகிரி என்று வைத்துக்கொள். ஃபோர்க்கோடு 15 தூக்கினால் பேட் வெளியே நகர்வது 9.6 மி.மீ.தான். மிச்சம் 5.4 மி.மீ. குறை. டிஸ்க் விளிம்புக்கும் காலிப்பர் வயிற்றுக்கும் இருக்கிற இடைவெளி இரண்டு மூன்று மில்லிதான், ஆக டிஸ்க் காலிப்பரைச் சுரண்டும்.

கோணத்தை எடுக்க பிளாஸ்டிக் கோணமானி வேண்டாம். வீலை மாட்டியபடியே, தடித்த அட்டையில் அச்சு அளவுக்கு ஓட்டை போட்டு அச்சில் கோர்த்துவிடு. காலிப்பரைக் கழற்றிவிட்டு பிராக்கெட்டை மட்டும் அதன் இடத்தில் மாட்டி, பேட் உட்காரும் இடத்தையும் ஃபோர்க் போல்ட் இரண்டின் மையத்தையும் அட்டையில் குறி. கோடு அட்டையிலேயே கிடைத்துவிடும்.

ஜனவரி 13, மாலை

கோலாலம்பூர் செந்தூலில் இருந்து ஒருவர் கேட்கிறார்: "15 மில்லிக்கு இவ்வளவு பாடா? எவ்வளவுதான் கூடும்?"

270ஐ 240ஆல் வகுத்து 12.5 சதவீதம் என்று பலர் சொல்வார்கள். கொஞ்சம் கூடுதலாகவே வரும். பிடிப்பது விளிம்பு இல்லை, பேட்டின் நடு. பேட்டின் உயரம் 28 மி.மீ. என்றால் பழைய டிஸ்க்கில் பிடிக்கும் ஆரம் 120இல் 14 போக 106. புதியதில் 121. ஆக 14 சதவீதம்.

இதைச் சொன்னதும் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நியாயம் இல்லை. ஹேண்டிலில் இருக்கிற மாஸ்டர் பம்ப்பைத் திருப்பிப் பார். உடம்பிலேயே 14 அல்லது 1/2 அல்லது 11 என்று வார்த்திருக்கும், உள்ளே இருக்கிற பிஸ்டனின் விட்டம் அது. 1/2 என்றால் அங்குலம், 12.7 மி.மீ. 14இலிருந்து 12.7க்குப் போனால் அழுத்தம் 21 சதவீதம் கூடும். 14இலிருந்து 11க்குப் போனால் 62 சதவீதம். ஒரு ஓட்டைகூட போடாமல். ஆனால் லீவர் அதே அளவுக்கு அதிகமாக உள்ளே வரும். பழைய ரப்பர் ஹோஸோடு 11 போட்டால் லீவர் கைப்பிடியைத் தொட்டுவிடும், ஏனென்றால் தள்ளுகிற எண்ணெயில் ஒரு பகுதி ஹோஸை ஊதுவதற்கே போகும்.

அதனால் வரிசை இது: முதலில் ஸ்டீல் பின்னல் ஹோஸ், புது எண்ணெய், புது பேட். அப்புறம் பம்ப். அப்புறம்தான் டிஸ்க். நாலு விரல் போட்டும் நிற்கவில்லை என்றால் அது டிஸ்க் சின்னது என்பதால் மட்டும் இருக்காது. ஸ்லைடு பின் (காலிப்பர் பக்கவாட்டில் நகர்கிற கம்பி) காய்ந்து இறுகிப்போய், ஒரு பக்கத்து பேட் மட்டும் வேலை செய்துகொண்டிருக்கும். கழற்றிப் பார். உள் பேட்டும் வெளிப் பேட்டும் வேறு வேறு தடிமனில் இருந்தால் அதுதான்.

ஜனவரி 14

கேள்வி கேட்ட தம்பி பார்த்துவிட்டார். உள் பேட் 3 மி.மீ., வெளிப் பேட் 5. பம்ப் 1/2. பின்னைக் கையால் இழுக்க முடியவில்லையாம்.

ஆக பாதி வியாதி அங்கேதான். பின்னை வெளியே எடுத்து, துருவை 1000 நம்பர் மணல்தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, ரப்பர் பூட் மாற்றி, சிலிக்கோன் கிரீஸ் போடு. சாதாரணக் கிரீஸ் வேண்டாம், ரப்பர் உப்பிப் பின்னைத் திரும்பவும் கவ்விக்கொள்ளும். பின்னில் குழி விழுந்திருந்தால் தேய்த்துப் பயன் இல்லை, புதுசு போடு.

டிஸ்க் வாங்கியாகிவிட்டது, செய்தே ஆகவேண்டும் என்கிறார். சரி.

ஜனவரி 15

தகடு விவரம்: 12 மி.மீ., 7075 வகை அலுமினியம். ஃபோர்க் பக்கம் இரண்டு ஓட்டை 8.4, பிராக்கெட் பக்கம் இரண்டு ஓட்டை எம்8 மரை. மரைக்கு 6.8 டிரில். ஓட்டை மையத்திலிருந்து தகட்டின் விளிம்புக்குக் குறைந்தது 14. மூலை எதுவும் கூர்மையாக இருக்கக்கூடாது, உள்மூலை ஆரம் 6 வை.

ஜனவரி 16, காலை 6 மணி

நேற்று எழுதியதை அழிக்கவில்லை, யாராவது பார்த்துச் சிரித்துவிட்டுப் போகட்டும். ஆனால் அப்படிச் செய்துவிடாதீர்கள்.

இந்த மோட்டாரில் பிராக்கெட் போல்ட் இரண்டும் வீல் அச்சுக்கு இணையாகப் போகின்றன, பக்கவாட்டில். ஃபோர்க் காதுக்கும் (பிராக்கெட்டை மாட்டும் நீட்டம்) பிராக்கெட்டுக்கும் நடுவே 12 மி.மீ. தகட்டைச் சொருகினால் பிராக்கெட் 12 மி.மீ. உள்ளே போய்விடும். டிஸ்க் இருந்த இடத்திலேயே இருக்கும். காலிப்பர் ஸ்போக் பக்கம் போய் நிற்கும். டிஸ்க் ஒரு பக்கம், காலிப்பர் ஒரு பக்கம்.

போல்ட் பக்கவாட்டில் இல்லாமல் ஆரத்தின் திசையிலேயே போகிற காலிப்பரில், அதாவது ரோட் மோட்டாரில் ரேடியல் என்று சொல்கிறார்களே அதில், நடுவே 15 மி.மீ. துண்டு வைத்து நீளமான போல்ட் போட்டால் வேலை முடிந்தது. அந்தப் பழக்கத்தில் எழுதிய தப்பு.

இன்னொரு கணக்கும் அதில் இடிக்கிறது. ஓட்டைகளுக்கு நடுவே 15 மி.மீ.தான். ஆலன் போல்ட்டின் தலை 13 மி.மீ. விட்டம், அது தகட்டுக்குள் முழுக 14இல் குழி வேண்டும். 15இல் 7 போய், பக்கத்து மரை ஓட்டைக்கு 4 போனால் நடுச்சுவர் 4 மி.மீ. பிரேக்கில் 4 மி.மீ. சுவரை நம்பிப் போவதற்கு வேறு ஆளைப் பாருங்கள்.

ஃபோர்க் காதை 12 மி.மீ. இழைத்துவிடலாமே என்று ஒரு தனிச்செய்தி வந்திருக்கிறது. வேண்டாம். அந்தக் காது வார்ப்பு அலுமினியம். இழைத்தால் திரும்பி வராது, உடைந்தால் வெல்டிங்கும் சரியாக நிற்காது.

ஜனவரி 18

ஆக, தகடு இல்லை. பழைய பிராக்கெட்டுக்குப் பதிலாக முழுசாகப் புது பிராக்கெட். கடையில் விற்கிற 270 செட்டுகளில் ஏன் ஒரு முழு பிராக்கெட்டே வருகிறது என்பதற்குக் காரணம் இதுதான்.

பழைய பிராக்கெட் மூன்று வேலை செய்கிறது. ஒன்று, ஃபோர்க்கைப் பிடித்திருக்கிறது. இரண்டு, ஸ்லைடு பின்னைத் தாங்குகிறது. மூன்றாவதை ஆட்கள் மறந்துவிடுவார்கள்: பேட்டின் முனை வந்து சாய்கிற திண்ணை அதில்தான் இருக்கிறது. சின்ன எஃகுத் தகடு ஒன்று கிளிப் மாதிரி மாட்டியிருக்கும் பார், அந்த இடம். பிரேக் பிடிக்கும்போது டிஸ்க் பேட்டை இழுத்துக்கொண்டு போகாமல் தடுப்பது அது.

வரைபடத்தை இப்படி யோசி. காலிப்பர் பக்கம் எதையும் தொடாதே. பின் ஓட்டை, பேட் திண்ணை, கிளிப் பள்ளம் எல்லாம் பழையதில் உள்ளபடி. ஃபோர்க் ஓட்டை இரண்டை மட்டும், அச்சை நோக்கி, அந்தக் கோட்டுக்கு இணையாக 15 மி.மீ. இறக்கு. ஃபோர்க்கில் மாட்டும்போது காலிப்பர் தானாக 15 வெளியே போய் உட்காரும். இரண்டு ஓட்டையும் ஒரே திசையில், ஒரே அளவு. ஒன்றை 15, மற்றதை 13 என்று போட்டால் காலிப்பர் திரும்பிவிடும். பேட் கோணலாக உட்காரும், காற்று எடுக்கிற நிப்பிளும் உச்சியை விட்டு விலகும். அப்புறம் ஒரு மாதம் பிளீட் செய்தாலும் லீவர் பஞ்சு மாதிரிதான்.

ஓட்டைக்கு ஓட்டை தூரத்தை வெர்னியரில் அளக்க, இரண்டு ஓட்டையிலும் இறுக்கமாகப் பின் சொருகி, வெளிக்கு வெளி அளந்து ஒரு பின்னின் விட்டத்தைக் கழி. ஓட்டை விளிம்பிலிருந்து அளக்காதே, விளிம்பு எப்போதும் தேய்ந்திருக்கும்.

பின் ஓட்டையும் பேட் திண்ணையும் ஃபோர்க் ஓட்டையும் மில்லிங் மெஷினில் ஒரே பிடியில் போட வேண்டும். கழற்றித் திருப்பி மாட்டினால் இணை தவறும். கை டிரில் பக்கமே போகாதே.

ஜனவரி 19

7075 பற்றி இரண்டு பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி, 15ஆம் தேதி குறிப்பில் அதுவும் தப்பு.

7075-டி6 உறுதியில் 6061-டி6ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, உண்மை. ஆனால் வளையாமல் நிற்பது வேறு, உடையாமல் நிற்பது வேறு. எவ்வளவு வளையும் என்பதில் இரண்டு அலுமினியத்துக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லை. 69 ஜிகாபாஸ்கல், 72 ஜிகாபாஸ்கல், அவ்வளவுதான். லீவரில் கை உணர்வது வளைவைத்தான். வளைவைக் குறைக்க தடிமன் கூட்ட வேண்டும். 10இலிருந்து 12க்குப் போனால் விறைப்பு 1.7 மடங்கு, தடிமன் மும்மடிப் பெருக்கில் வேலை செய்வதால். அதிகக் காசு கொடுத்து 7075 வாங்குவதைவிட 6061இல் 2 மி.மீ. கூட வை.

பினாங்கில் கடல் காற்றும் இருக்கிறது. 7075 உப்பில் சீக்கிரம் அரிக்கும். 6061 பொறுத்துக்கொள்ளும்.

5083 தகடு சும்மா கிடைக்கிறது என்று ஒருவர். படகு வேலைக்கு நல்லது. மரைக்கும் பின்னுக்கும் மெதுமெதுப்பாக இருக்கும், விடு.

ஜனவரி 24

அலுமினியத்தை வெட்டுமுன் ஒரு பொய் பிராக்கெட் செய்துவிடு. 3டி பிரிண்டர் இருந்தால் அதில், இல்லாவிட்டால் ஒட்டுப்பலகையில். அதைப் போட்டு ஓட்டாதே என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதிவைக்கிறேன்.

பார்க்க வேண்டியவை. டிஸ்க் விளிம்புக்கும் ஃபோர்க் காதுக்கும் இடையே 3 மி.மீ. காற்று வேண்டும், முழுச் சுற்றிலும். ஃபோர்க் போல்ட்டின் நுனி பிராக்கெட்டைத் தாண்டி உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் ஆபத்து இங்கேதான்: 240 டிஸ்க் அந்த நுனிவரை வந்ததே இல்லை, 270 அதன் பக்கமாகவே சுற்றும். நுனிக்கும் டிஸ்க் முகத்துக்கும் 3 மி.மீ.க்குக் குறைந்தால் போல்ட்டை வெட்டிச் சுருக்கு. அளக்க, நுனியில் சின்ன உருண்டை களிமண் ஒட்டி வீலைச் சுற்றி, அமுங்கிய தடிமனைப் பார். ரொட்டி கனாய் மாவுகூடப் போதும்.

டிஸ்க் காலிப்பர் நடுவில் வருகிறதா என்றும் பார். அரை மில்லிக்கு மேல் விலகினால் பிராக்கெட் வரைபடத்திலேயே திருத்து, வாஷர் வைத்துச் சரிக்கட்டாதே.

ஸ்போக் இடிக்குமா என்ற பயம் வேண்டாம். ஸ்போக் ஹப்பில் அகலமாக ஆரம்பித்து ரிம்முக்குப் போகப் போக நடுவுக்கு ஒதுங்கும். வெளியே போனால் இடம் கூடத்தான் செய்யும்.

டிஸ்க்கின் பிளாஸ்டிக் மூடி இனி சேராது.

ஜனவரி 27

"சும்மா இரண்டு எம்8 போல்ட் தாங்குமா?"

கணக்குப் போடலாம். மோட்டாரும் ஆளும் சேர்ந்து 200 கிலோ. நல்ல பிடிப்புள்ள தரையில் 0.9 ஜி வேகக்குறைப்பில் (புவியீர்ப்பின் 0.9 பங்கு) நிறுத்தம், எல்லாம் முன் வீலில். டயரில் 1,765 நியூட்டன். 21 அங்குல வீலின் டயர் ஆரம் 345 மி.மீ. என்றால் முறுக்கு 609 நியூட்டன் மீட்டர். அதை 121 மி.மீ. ஆரத்தில் பிடிக்கிறோம், ஆக பிராக்கெட்டில் 5,000 நியூட்டன். 510 கிலோவைத் தொங்கவிட்ட மாதிரி. பழைய டிஸ்க்கில் இதே நிறுத்தத்துக்கு 5,700. பெரிய டிஸ்க்கில் பிராக்கெட்டுக்குச் சுமை குறைகிறது என்பதைப் பலர் நம்பமாட்டார்கள்.

இப்போது போல்ட். 8.8 தர எம்8ஐ 25 நியூட்டன் மீட்டரில் இறுக்கினால் ஒவ்வொன்றும் சுமார் 15,600 நியூட்டன் அழுத்தும். இரண்டும் 31,000. உராய்வு 0.15 என்றால் நழுவாமல் தாங்குவது 4,700. போதும் போதாமல் இருக்கிறது, பார். மிச்சத்தை ஓட்டையின் சுவர்தான் தாங்க வேண்டும். அதனால் நான் முன்பு எழுதிய 8.4ஐ மறந்துவிடு. ஓட்டையை 7.8இல் டிரில் செய்து 8.1க்கு ரீமர் (ஓட்டையைத் துல்லிய அளவுக்குச் சீவும் கருவி) போடச் சொல். சும்மா விட்டால் கடைக்காரர் 9இல் போடுவார், மாட்டச் சுலபம் என்று. அப்போது ஒவ்வொரு பிரேக்குக்கும் பிராக்கெட் ஒரு மில்லி நகர்ந்து 'டக்' என்று அடிக்கும்.

போல்ட் 8.8 அல்லது 10.9. தலையில் எண் பொறித்திருக்க வேண்டும். ஹார்ட்வேர் கடைப் பளபள ஸ்டெயின்லெஸ் ஏ2-70 வேண்டாம். 8.8 தரப் போல்ட் 640 மெகாபாஸ்கலில்தான் நிரந்தரமாக நீளும், இது 450இலேயே நீண்டுவிடும். நீல லாக்டைட் ஒரு துளி. டார்க் எண்ணை மோட்டாரின் மானுவலில் பார்த்து வை, 25 என்பது கணக்குக்கு வைத்தது.

ஃபோர்க்கைத் தொடுகிற முகத்தில் பெயின்ட், பவுடர் கோட்டிங் எதுவும் கூடாது. அது மெதுவாக அமுங்கும், போல்ட் தளரும். அழகுக்கு வேண்டுமென்றால் அனோடைஸ் செய், அது மெல்லியது, கடினமானது.

உன் போல்ட் ஃபோர்க் காதைத் தாண்டி வந்து பிராக்கெட்டிலேயே மரை பிடிக்கிற வகை என்றால், பிராக்கெட்டில் ரீமர் ஓட்டை வேண்டாம், மரைதான். வெறும் அலுமினிய மரையில் நாலு தடவை கழற்றி மாட்டினால் தேய்ந்துவிடும். ஹெலிகாயில் (எஃகுச் சுருள் மரை) போடு, மரை ஆழம் குறைந்தது 14.

பிப்ரவரி 3

தைப்பூசம் முடிந்தது, தண்ணீர்மலையில் ஏறி இறங்கிய கால் இன்னும் திரும்பவில்லை. சுருக்கமாக.

சீனப் பெருநாள் வருகிறது. மில்லிங் கடைகள் பல சாத்திவிடும், திறந்த பிறகும் ஒரு வாரம் பாக்கி வேலையில் மூழ்கியிருக்கும். அவசரம் என்றால் இந்த வாரமே கொடு.

பாயான் லெப்பாஸ், புக்கிட் மெர்தாஜம் பக்கம் ஃபேக்டரி ஜிக் வெட்டுகிற சின்னக் கடைகளில் 6061 வெட்டுத் துண்டு எப்போதும் மூலையில் கிடக்கும். 25 மி.மீ. தடிமன் துண்டு கேள். லேத்துக் கடை வேண்டாம், மில்லிங் கடை. பட்டறையிலே போமன் (மெக்கானிக்) கையில் பார்த்துச் செய்வது வேறு, இது வேறு.

கையில் கொண்டுபோக வேண்டியது: பழைய பிராக்கெட், பின், பேட், கிளிப், அட்டை, பொய் பிராக்கெட். தாளில் எழுத வேண்டியது: ரீமர் ஓட்டை 8.1, பின் ஓட்டைகள் இணை 0.05 மி.மீ.க்குள், உள்மூலை ஆரம் 6, விளிம்பெல்லாம் அரை மில்லி சேம்பர் (கூர்மையைச் சரிவாகச் சீவுவது). இவ்வளவு எழுதினால் 'எதுக்கு' என்று கேட்பார். பிரேக் என்று சொல். சில கடையில் வேண்டாம் என்றுவிடுவார்கள். அதுவும் நல்லதுதான், தெரிந்து செய்கிற கடையாகத் தேடு.

சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம். அலுமினியத்துக்குக் கொடுப்பதைவிட மெஷின் கூலி பல மடங்கு வரும். ஒன்று செய்கிற கூலியும் இரண்டு செய்கிற கூலியும் பக்கத்தில்தான் இருக்கும், இரண்டு செய்துகொள்.

பிப்ரவரி 22

பிராக்கெட் வந்துவிட்டதாம். மாட்டும் முறை.

முதலில் பூட், கிரீஸ் எதுவும் இல்லாமல் காலிப்பரைப் பின்னில் கோர்த்துப் பார். ஒரு விரலால் தள்ளினால் முழு நீளமும் தடையில்லாமல் ஓட வேண்டும். நடுவில் இறுகினால் பின் ஓட்டை இணையாக இல்லை. கடைக்குத் திருப்பிக்கொண்டு போ, தேய்த்து இளக்கப் பார்க்காதே.

டிஸ்க்கை டயல் கேஜில் சுற்று. 0.3 மி.மீ.க்கு மேல் ஆடினால் ஹப் முகத்தில் அழுக்கு இருக்கிறது அல்லது டிஸ்க் வளைந்திருக்கிறது.

பேட் புதுசு. பழையதில் 240இன் வளைவு பதிந்திருக்கும், 270இல் பாதிதான் தொடும். சேறும் மழையுமாக ஓட்டுகிறவருக்கு சின்டர்ட் (உலோகத்தூள்) பேட், ஆர்கானிக் ஒரு மழைக்காலத்திலேயே கரைந்துவிடும்.

ஹோஸ் முனையின் பாஞ்சோ போல்ட்டுக்கு (எண்ணெய் போகிற குழல் போல்ட்) இரண்டு பக்கமும் புது வாஷர். எண்ணெய் டாட்4, புதிதாக உடைத்த பாட்டில். நம் காற்றின் ஈரத்தில் திறந்து வைத்த பாட்டில் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஃபோர்க்கை முழுதாக அமுக்கியும் முழுதாக நீட்டியும் ஹோஸ் எங்கும் இழுபடாமல் இருக்கிறதா பார், காலிப்பர் 15 மி.மீ. நகர்ந்திருக்கிறது.

போல்ட் தலைக்கும் பிராக்கெட்டுக்கும் குறுக்கே மார்க்கரில் ஒரு கோடு. கோடு உடைந்தால் போல்ட் அசைந்திருக்கிறது.

பிறகு 40 கி.மீ. வேகத்திலிருந்து மெதுவாக 10 வரைக்கும், 25, 30 தடவை. நடுவே ஆறவிட்டு. முழுசாக நிறுத்தி லீவரைப் பிடித்தபடி நிற்காதே, சூடான பேட் டிஸ்க்கில் அச்சுப் பதிக்கும்.

மார்ச் 1

"ஓட்டினேன் அண்ணே, இரண்டு விரல் போதுகிறது. ஆனால் முதல் பிரேக்கில் ஒரு 'டக்'. அப்புறம் இல்லை. மோட்டாரைப் பின்னால் தள்ளிவிட்டுப் பிடித்தால் திரும்ப ஒரு 'டக்'."

முன்னால் போகும்போது ஒன்று, பின்னால் தள்ளியதும் ஒன்று என்றால் பிராக்கெட் இல்லை. மார்க்கர் கோடு உடையவில்லை என்கிறாய், போல்ட்டும் இல்லை. பேட் திண்ணையில் ஆடுகிறது. கிளிப் பழையது, அழுத்தம் செத்துவிட்டது. கிளிப் புதுசு போடு. அதற்கும் போகாவிட்டால் திண்ணைப் பள்ளத்தை மெஷின்காரர் அகலமாக வெட்டியிருக்கிறார். பேட் காதை வெர்னியரில் அளந்து பள்ளத்தோடு ஒப்பிடு. 0.3 வரை பிரச்சினை இல்லை.

மார்ச் 2

கிளிப்தான். 'டக்' போய்விட்டது.

200 கி.மீ. ஆனதும் பேட் இரண்டையும் கழற்றி நாலு மூலையிலும் தடிமன் அளந்து இங்கே போடு. மேல் மூலைக்கும் கீழ் மூலைக்கும் 0.2க்கு மேல் வித்தியாசம் வந்தால் பிராக்கெட் வளைகிறது அல்லது ஓட்டை செங்குத்தாக இல்லை. அன்றைக்கே உள்மூலைகளில் சிவப்பு மை ஸ்பிரே, அதாவது விரிசல் காட்டுகிற மூன்று டின் செட், அடித்துப் பார்த்துவிடு. அலுமினிய விரிசல் கண்ணுக்குத் தெரிவதற்கு ரொம்ப முன்னாலேயே ஆரம்பித்துவிடும்.

மார்ச் 19

உள் பேட்: 4.1, 4.1, 4.0, 4.1. வெளிப் பேட்: 4.1, 4.0, 4.0, 4.0. விரிசல் இல்லை.

அந்த இரண்டாவது பிராக்கெட்டை விற்கிறாயா என்று செந்தூல்காரர் கேட்கிறார். அவருடையது சுசுகி டிஆர்இசட், காது தூரமே வேறு. அவர் முதலில் அட்டை வெட்டட்டும்.